சிரித்திரன் சுந்தர்

ஈழத்துத் தமிழரின் அன்றாட வாழ்வைக் கேலிச்சித்திரமாக்கி, அவர்களையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த பெருமை சி. சிவஞானசுந்தரம் அவர்களைச் சாரும். சுந்தர் என்னும் பெயரில் தூரிகை பிடித்த இவர், யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கல்விக்கும் கலைக்கும் பெயர்பெற்ற கரவெட்டியில் 1924 மார்ச் 3 அன்று பிறந்தார்.

கட்டடக்கலை பயிலப் பம்பாய் சென்ற இளைஞரை, அந்நகரின் பத்திரிகை உலகம் தன்பால் ஈர்த்தது. அளவுகோல் வைத்துக் கோடு வரையக் கற்க வந்த கை, அளவுகோலுக்குள் அடங்காத மனிதர்களை வரையத் தொடங்கியது.

தாயகம் திரும்பியபின் தினகரன் நாளிதழில் அவர் படைத்த சவாரித்தம்பர் என்னும் சித்திரத் தொடர் அவரை வீடுதோறும் அறிமுகம் செய்தது. யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டிப் பந்தயம். அப்பெயரைச் சுமந்த தம்பரும் அவருடைய தோழர் சின்னக்குட்டியும் ஊர்ப்பேச்சிலேயே உரையாடினர். செந்தமிழ் கோலோச்சிய நாளேட்டில் கிராமத்து வழக்கு தலைநிமிர்ந்து நடந்தது. பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகுமா என்று அறிஞர் வாதிட்ட காலத்தில், சுந்தர் வாதிடவில்லை, வரைந்து காட்டினார்.

தமிழகத்து வார இதழ்கள் ஈழத்துக் கடைகளை நிறைத்திருந்த நாளில், 1963இல் நகைச்சுவைக்கென்றே சிரித்திரன் இதழைக் கொழும்பில் தொடங்கினார். பிற்காலத்தில் அது யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆசிரியரும் ஓவியரும் அவரே. மகுடி என்னும் பெயரில் வாசகர் வினாக்களுக்கு விடையிறுத்தவரும் அவரே. மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் முதலிய பாத்திரங்கள் போலிப் பகட்டையும் மேனாட்டு மோகத்தையும் எள்ளி நகையாடின. சிறுகதையாளர்க்கும் கவிஞர்க்கும் அவ்விதழ் களம் அமைத்தது.

1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தது. 1983க்குப் பின் போர் மூண்டது. தாளும் மையும் அரிதாகிய, மரணம் வாசலில் நின்ற மண்ணில், சிரிப்பைத் தொழிலாகக் கொள்வது எளிதன்று. துயருற்றோரைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை; துயரை மறந்து சிரிப்பது பேதைமை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய கோட்டின்மீதே அவர் நடந்தார். வலியோரின் ஆணவமும் நம்மவரின் சிறுமையுமே அவர் தூரிகைக்கு இலக்காயின.

தம் கலைப்பயணத்தைக் கார்ட்டூன் ஓவிய உலகில் நான் என்னும் நூலில் அவர் பதிவு செய்துள்ளார். 1996 மார்ச் 3 அன்று, தாம் பிறந்த அதே நாளில், எழுபத்திரண்டாம் அகவை நிறைவுற்ற நிலையில் இயற்கை எய்தினார்.

ஒரு சொல் மிகினும் கவிதை கெடும் என்பதைக் கவிஞர் அறிவர். ஒரு கோடு மிகினும் முகம் கெடும் என்பதை அறிந்தவர் சுந்தர். அவர் விட்டுச்சென்ற சிறு கட்டங்களுக்குள் ஒரு சமூகத்தின் பேச்சும் நடையும் இன்றும் உயிர்த்திருக்கின்றன.