தமிழவேள் சாரங்கபாணி

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு அண்மையில், காவிரியின் தென்கரையை அடுத்துச் சத்திரம் பேருந்து நிலையம் அமைந்துள்ளது. திருவரங்கம் செல்வோரும் அங்கிருந்து மீள்வோரும் அங்கே திரளாகக் கூடுவர். அத்திரளில் சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினரையும் காணலாம். அவர்கள் அரங்கநாதரை வழிபடுவர். உற்றார் உறவினரைக் கண்டு மகிழ்வர். பின்னர்த் திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்திலிருந்து தம் ஊருக்குத் திரும்புவர். அவர்கட்கு ஊர் என்பது சிங்கப்பூரே. கடல் கடந்த ஒரு தீவு தமிழர்க்குச் சொந்த ஊரானது எவ்வாறு? அதற்கென உழைத்தோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி ஆவார்.

சாரங்கபாணி 1903-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். 1924-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில் சிங்கப்பூரை அடைந்தார், கணக்கராகப் பணியாற்றினார். அந்நாளில் அங்கு வாழ்ந்த தமிழருள் பலர் கூலிவேலை செய்தோர். சில ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்புவதே அவர்தம் எண்ணம். உடல் சிங்கப்பூரில் இருப்பினும் உள்ளம் பிறந்த சிற்றூரிலேயே உறைந்தது. ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய சாதி வேற்றுமையையும் அவர்கள் உடன் கொண்டு சென்றிருந்தனர்.

இந்நிலை சாரங்கபாணியின் நெஞ்சை வருத்தியது. பிரிந்து கிடப்போர் குரல் எவர் செவியிலும் ஏறாது என்பதை அவர் உணர்ந்தார். 1932-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் இணைந்து பாடுபட்டார். 1935-ஆம் ஆண்டில் ‘தமிழ் முரசு’ என்னும் இதழ் பிறந்தது. ஒரு காசு விலையில் கிழமை இதழாகத் தொடங்கிய அது, பின்னர் நாளிதழாக வளர்ந்தது. உழைப்பாளரின் குறைகளை அது எடுத்துரைத்தது. சாதிப் பிளவைக் கடிந்தது. சாரங்கபாணி சொல்லில் மட்டும் நின்றவர் அல்லர். சீனப் பெண்மணி ஒருவரை மணந்து, பல இனத்தார் வாழும் நாட்டுக்கு ஏற்ற வாழ்வைத் தாமே வாழ்ந்து காட்டினார். 1952-ஆம் ஆண்டு முதல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் நிகழச் செய்தார். சமய வேறுபாடு கருதாது தமிழர் அனைவரும் அவ்விழாவில் ஒன்று கூடினர்.

1957-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. தகுதியுடையோர் தம் பெயரைப் பதிந்துகொண்டு அந்நாட்டின் குடிமக்கள் ஆகலாம். ஆயினும், பிறந்த நாட்டைத் துறப்பதாகுமோ என்னும் ஐயம் பலர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வையம் இகழத்தக்கதன்று, அது தாய்நாட்டின்பாற் கொண்ட அன்பினால் விளைந்தது. எனினும், அத்தயக்கத்தால் வாக்குரிமையை இழப்போர், தம் மக்களின் கல்வியையும் மொழியையும் காக்கும் வலிமையையும் இழப்பர். இதனை ஓர்ந்த சாரங்கபாணி, தமிழர்கள் குடியுரிமை பெறல் வேண்டும் என முரசின் வாயிலாக வற்புறுத்தினார். நாற்றங்காலில் முளைத்த நாற்று, பெயர்த்து நட்ட வயலில் வேரூன்றினாலன்றிக் கதிர் ஈனுமோ? காவிரி பாயும் நாட்டில் பிறந்த அவர் இவ்வுண்மையை அறியாதவரா? அவர் முயற்சியால் தமிழர் பலர் குடியுரிமை பெற்றனர்.

புது நாட்டில் வேரூன்றுவதற்காகத் தாய்மொழியை மறக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அதில் தமிழ் இடம்பெறப் பெரிதும் போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். நாட்கூலி பெறும் ஏழைகளும் தம்மால் இயன்றதை மனமுவந்து அளித்தனர்.

1965-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அங்கு ஆட்சிமொழியாக விளங்குகின்றது. சாரங்கபாணி 1974-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். அவர் வளர்த்த முரசு இன்றும் ஒலிக்கின்றது.

வாழ வந்த நாட்டில் விருந்தினராய் ஒதுங்கி நில்லாமல், உரிமையைக் கேட்டுப் பெற்றுக் கடமையையும் ஏற்றுக்கொள்வோர்க்கே அந்நாடு சொந்தமாகும். இவ்வுண்மையை நமக்கு உணர்த்துவது தமிழவேளின் வாழ்க்கை.