ராபர்ட் ஓப்பன்ஹைமர்

ஜூலியஸ் ராபர்ட் ஓப்பன்ஹைமர் (ஏப்ரல் 22, 1904 – பிப்ரவரி 18, 1967) ஓர் அமெரிக்கக் கோட்பாட்டு இயற்பியலாளர் ஆவார். முதல் அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுகூடத்தின் இயக்குநராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், பெரும் நிறையுடைய விண்மீன்கள் தமது ஈர்ப்பினாலேயே முடிவின்றிச் சுருங்கும் என்பதை முதன்முதலில் கணித்துக் காட்டியவர்களுள் இவரும் ஒருவர். இவ்வாறு சுருங்கிய விண்மீனே பின்னாளில் கருந்துளை எனப் பெயர்பெற்றது.

இளமையும் கல்வியும்

ஓப்பன்ஹைமர் நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை செருமனியிலிருந்து குடியேறிய துணி வணிகர். 1925 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டம் பெற்றார். பின்னர் செருமனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் போர்னின் கீழ் ஆய்வு செய்து 1927 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1929 முதல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றினார். அங்கு ஆர்தர் ரைடர் என்னும் பேராசிரியரிடம் சமசுகிருதமும் கற்றார்.

விண்மீன்களின் வீழ்ச்சி

விண்மீனின் உள்வெப்பத்தால் எழும் அழுத்தமே அதன் ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்தபின் அது சுருங்கத் தொடங்கும். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குறுமீன் நிலைத்திருக்க இயலாது எனச் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930களில் காட்டியிருந்தார். நியூட்ரான் விண்மீன்களுக்கும் இத்தகைய எல்லை உண்டு என்பதை 1939 இல் ஓப்பன்ஹைமரும் அவரது மாணவர் ஜார்ஜ் வோல்காஃபும் நிறுவினர்.

எல்லையைக் கடந்த விண்மீன் என்னவாகும் என்பதை மற்றொரு மாணவரான ஹார்ட்லண்ட் சினைடருடன் ஆராய்ந்தார். கணினி இல்லாத அக்காலத்தில் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காக, விண்மீன் சுழலாத உருண்டை என்றும், சீரான அடர்த்தி உடையது என்றும், உள்ளழுத்தம் அற்றது என்றும் கொண்டனர். தொலைவிலிருந்து காண்பவருக்கு அவ்விண்மீன் மங்கிச் சிவந்து, ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் உறைந்ததுபோல் தோன்றும். விண்மீனுடன் சேர்ந்து விழுபவரோ குறுகிய காலத்தில் அந்த ஆரத்தைக் கடந்துவிடுவார். இக்கட்டுரை செப்டம்பர் 1, 1939 அன்று, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நாளிலேயே வெளியானது.

போரும் விசாரணையும்

1943 முதல் 1945 வரை லாஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தை இயக்கினார். 1947 இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1949 இல் ஐதரசன் குண்டை விரைந்து உருவாக்கும் திட்டத்தை எதிர்த்தார். 1954 இல் நடந்த விசாரணைக்குப்பின் இவரது பாதுகாப்பு அனுமதி நீக்கப்பட்டது. அம்முடிவு 2022 இல் அமெரிக்க எரிசக்தித் துறையால் செல்லாததாக அறிவிக்கப்பட்டது.

கணினிவழி உறுதிப்பாடு

1939 ஆம் ஆண்டின் முடிவைப் பலர் ஏற்கவில்லை. உண்மையான விண்மீனின் அழுத்தமும் கதிர்வீச்சும் வீழ்ச்சியைத் தடுக்கக்கூடும் என்று ஜான் வீலர் கருதினார். இதற்கு விடை லிவர்மோர் ஆய்வுகூடத்தில் கிடைத்தது. ஐதரசன் குண்டு ஆய்வுக்காக 1952 இல் தொடங்கப்பட்ட அக்கூடத்தில், வெடிப்பின்போது பொருள் நகர்வதைக் கணக்கிடும் கணினி நிரல்கள் இருந்தன. அம்முறைகளைக் கொண்டு விண்மீன் பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அடுக்கின் வேகமும் அடர்த்தியும் அழுத்தமும் சிறுசிறு காலப்படிகளாகக் கணிக்கப்பட்டன. மைக்கேல் மேயும் ரிச்சர்டு ஒயிட்டும் பொதுச் சார்புக் கோட்பாட்டையும் சேர்த்துச் செய்த கணிப்பு 1966 இல் வெளியானது. நிறை போதிய அளவு மிகுந்தால் அழுத்தத்தாலும் வீழ்ச்சியைத் தடுக்க முடியாது என்று அது காட்டியது. அக்கோட்பாட்டின்படி அழுத்தமும் ஈர்ப்பைக் கூட்டுவதே இதற்குக் காரணம். வீலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கருந்துளை என்னும் பெயரைப் பரப்பியவரும் அவரே. தாம் எதிர்த்த குண்டுக்காக எழுந்த கணிப்பு முறைகளே ஓப்பன்ஹைமரின் முடிவை உறுதிசெய்தன.

இறப்பு

ஓப்பன்ஹைமர் 1963 இல் என்ரிக்கோ பெர்மி விருது பெற்றார். 1967 இல் தொண்டைப் புற்றுநோயால் காலமானார். விண்மீன் வீழ்ச்சி குறித்த ஆய்வுக்கு அவர் மீண்டும் திரும்பவில்லை. சுழலும் நியூட்ரான் விண்மீனான துடிவிண்மீனின் சமிக்ஞைகள் அவர் மறைந்த அதே ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன.