மௌனம் பாடிய மெய்ஞ்ஞானி

சுந்தரபாண்டியபுரத்து வயல்களைக் கடந்து நாம் சென்றடையும் தென்காசியே மெய்ஞ்ஞானச் செல்வர் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்த பதி. அன்னார் 17ஆம் நூற்றாண்டினர் என்பர். பின்னாளில் தக்கலையில் தங்கி, நெசவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார்கள்.

ஞானப்புகழ்ச்சி முதலிய நூல்களில் அவர்கள் பாடிய இறைவன் சொல்லுக்குள் அடங்காதவன். ஆதலின் அவர்தம் ஞானப் பரிபாஷைகள் பொருளை முற்றத் திறந்து காட்டுவதில்லை. வாயில்வரை நம்மை அழைத்துச் சென்று நிறுத்திவிடுகின்றன. அதற்கப்பால் பேசுவது மௌனமே. இதனை உணராது, விளங்கவில்லையென ஒதுக்குவாரும், ஓசையளவில் பாடி அமைவாரும் நம்மிடையே உளர்.

ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி இரவெல்லாம் பாடப்பெறுகிறது. பாடல் ஓய்ந்தபின் நிலவும் அமைதியையும் செவிமடுக்க நாம் பயில்வோமாக!