பெயர் அறியாக் காய்ச்சல்

1729 என்ற எண்ணைக் கண்டதும் கணிதமேதை ஸ்ரீநிவாச இராமானுஜனை நினைக்காத கணித மாணவி இருக்கமாட்டார். இரண்டு நேர் முழு எண்களின் கனங்களைக் கூட்டி இருவேறு விதமாகப் பெறக்கூடிய மிகச் சிறிய எண் அது. இதை அவர் பேராசிரியர் ஹார்டியிடம் சொன்னது வகுப்பறையில் அல்ல. இலண்டனின் பட்னி பகுதியில் நோயாளியாகப் படுத்திருந்தபோதுதான் சொன்னார். அந்த எண்ணைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். அவரைப் படுக்கையில் வீழ்த்திய நோயைப் பற்றி அதிகம் படிப்பதில்லை.

1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை புடவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தவர், கடும் வயிற்றுளைவு கண்டு ஊர் திரும்பிச் சில மாதங்கள் படுத்திருந்தார். இந்த வயிற்றுளைவை மறந்துவிட வேண்டாம்; பின்னால் வரும். 1909இல் பத்து வயதுச் சிறுமியான ஜானகியை மணந்தார். அடுத்த ஆண்டு அவருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டபோது வீட்டில் பணமில்லை. ஒரு வைத்தியர் இலவசமாகச் செய்துகொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு இலிகிதரானார்.

ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரை 1914 மார்ச்சில் கப்பலேற்றியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சில மாதங்களில் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவை விட்டுக்கொடுக்காத அவர், கேம்பிரிட்ஜில் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கினால் அதுவும் இல்லை. உணவில் வரையறை பேணுவோர் பிறநாட்டில் படும் பாட்டை நம்மவர்களும் அறிவர்.

1917இல் நோய் தொடங்கியது. இரவில் காய்ச்சல் வரும், பிறகு தணியும், மீண்டும் வரும். உடல் மெலிந்தது. முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய் என்று சுகாதார நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பழைய சத்திரசிகிச்சையைக் கேள்விப்பட்ட ஒருவர், புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று சந்தேகித்தார். இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறது என்ற கருத்தும் எழுந்தது. ஒவ்வொரு பெயரும் சில மாதங்கள் நின்றது. காய்ச்சல் மட்டும் மாறவில்லை.

காசநோய்க்கு அக்கால வைத்தியம் திறந்த காற்றும் குளிரும். வெப்பநாட்டில் வளர்ந்தவர் அங்கே நடுங்கிக்கொண்டு கிடந்தார். குளியலறை மட்டும் கதகதப்பாக இருந்ததால் தாளும் பேனாவுமாக அங்கே போய் எழுத நினைத்தாராம். உணவு விடயத்தில் பிடிவாதக்காரர், சிரமமான நோயாளி என்ற பெயரும் வந்து சேர்ந்தது. நோயைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் நோயாளியிடம் குறை காண்பது எளிது என்றே எனக்குப் படுகிறது. ஊரிலிருந்து ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் தடுத்துவிட்டதால் அந்த ஆறுதலும் இல்லை. 1918இல் ரோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியபோதும் அவர் நோயாளியாகத்தான் இருந்தார்.

1919இல் நாடு திரும்பினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று இடம் மாறியும் சுகமில்லை. இங்கும் காசநோய் என்றே வைத்தியம் நடந்தது. அந்த நிலையிலும், 1920 ஜனவரியில், போலித் தீட்டாச் சார்புகள் என்ற முற்றிலும் புதிய கணிதத்தை விளக்கி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் திகதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

1994இல் டி. ஏ. பி. யங் என்ற ஆங்கிலேய வைத்தியர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். அமீபாக் கிருமி ஈரலைத் தாக்கியதே நோய் என்பது அவர் கருத்து. வயிற்றுளைவு முழுதாகக் குணமாகாவிட்டால் இக்கிருமி குடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, பின்னர் ஈரலுக்குச் செல்லக்கூடும். 1906இல் வந்தது அதன் தொடக்கமாக இருக்கலாம். இனிமேல் சோதித்து உறுதிசெய்ய வழியில்லை. ஆனால் அந்நோய்க்கு அன்றே மருந்து இருந்தது. 1912இல் கல்கத்தாவில் லெனார்ட் ரொஜர்ஸ் எமெட்டின் ஊசியை அதற்குப் பயன்படுத்தியிருந்தார். இராமானுஜனின் நாட்டில் அறியப்பட்ட அந்த மருந்து அவரிடம் வந்து சேரவில்லை.

அதே 1994இல்தான் ஜானகி அம்மாள் சென்னையில் காலமானார். கணவர் இறந்தபோது அவருக்கு வயது 21. பின்னர் தையல் கற்று, தைத்தே பிழைத்தார். கடைசி மாதங்களில் வேளை தவறாமல் சோறும் மோரும் கொடுத்ததும், வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் நெஞ்சுக்கும் கால்களுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் இவர்தான். அந்த வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் முதுமையிலும் பத்திரமாக வைத்திருந்தார்.