ஜாக்சன் கவுண்டி நிதி நிர்வாகத்தில் ஹாரி ட்ரூமன்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 33ஆவது குடியரசுத் தலைவராக 1945 முதல் 1953 வரை விளங்கிய ஹாரி எஸ். ட்ரூமன், அதற்கு முன்னர் மிசோரி மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியில் பத்தாண்டுகள் உள்ளாட்சி நிர்வாகியாகப் பணியாற்றியவர். வரி, கடன், வட்டி, சாலை ஒப்பந்தம், ஊழியர் நியமனம் ஆகியனவே அப்பணியின் உள்ளடக்கம். ஊழல் மலிந்த கட்சிக்குழு ஒன்றின் ஆதரவால் பதவி பெற்ற ஒருவர் பொதுப்பணத்தை எவ்வாறு காத்தார், அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹாரி ட்ரூமன், ஜாக்சன் கவுண்டி, உள்ளாட்சி நிதி, கடன் பத்திரம், ஒப்பந்தப்புள்ளி, பொருட்பால்.

முன்னுரை

திருக்குறள் பொருட்பாலின் இறைமாட்சி அதிகாரம் அரசின் பொருட்செயலை நான்கு நிலைகளாகப் பகுத்துக் காட்டுகிறது. பொருள் வரும் வழியை உண்டாக்குவது முதல் நிலை. வந்ததைச் சேர்ப்பது அடுத்தது. சேர்த்ததைக் காப்பது மூன்றாவது. காத்ததை உரிய செலவினங்களுக்குப் பகுத்தளிப்பது நான்காவது. பேரரசுக்குப் பொருந்தும் இப்பகுப்பு ஒரு சிறு உள்ளாட்சி மன்றத்துக்கும் பொருந்தும். உள்ளாட்சியில் பணம் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருப்பதால், மூன்றாம் நிலையாகிய காத்தலே அங்குக் கடினமானது.

ட்ரூமனைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் அணுகுண்டு, ஐரோப்பிய மறுசீரமைப்பு, கொரியப் போர் ஆகியவற்றையே மையமாகக் கொள்கின்றன. அவரது நிர்வாகப் பண்பு உருவான இடமோ ஒரு கவுண்டியின் வரவு செலவு ஏடு. அந்த ஏட்டின் வழி அவரைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவுண்டி மன்றமும் அதன் அன்றாடப் பணியும்

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. ஓரளவு நம் மாவட்டத்தை ஒத்தது. ஜாக்சன் கவுண்டியின் மேற்கில் கன்சாஸ் சிட்டி என்னும் பெருநகரமும், கிழக்கில் இண்டிபென்டன்ஸ் என்னும் ஊரும் விளைநிலங்களும் அமைந்திருந்தன. இதனை ஆண்டுவந்த அமைப்புக்குக் கவுண்டி நீதிமன்றம் என்று பெயர். அதன் உறுப்பினர் மூவரும் நீதிபதிகள் என்றே அழைக்கப்பட்டனர். எனினும் அவர்கள் வழக்குகளை விசாரிப்பவர் அல்லர். வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகள். கிழக்குப் பகுதிக்கு ஒருவரும் மேற்குப் பகுதிக்கு ஒருவரும் ஈராண்டுக்கு ஒருமுறையும், கவுண்டி முழுமைக்கும் பொதுவான தலைவர் நான்காண்டுக்கு ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

வரி விகிதத்தை முடிவு செய்தல், சாலைகளையும் பாலங்களையும் பராமரித்தல், முதியோர் இல்லத்தை நடத்துதல், அலுவலர்களின் சம்பளத்துக்கு ஒப்புதல் அளித்தல், சாலை மேற்பார்வையாளர்களை நியமித்தல், பள்ளி நிதியை நில அடமானத்தின் பேரில் கடனாகக் கொடுத்து வட்டி ஈட்டுதல் ஆகியவை அம்மன்றத்தின் வாடிக்கையான அலுவல்கள். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு வேலையையோ வருமானத்தையோ அளிப்பவை. எனவே வேலை கொடுத்து வாக்குத் திரட்டும் கட்சிக்குழுக்கள் அம்மன்றத்தின் மீது எப்போதும் கண் வைத்திருந்தன. கன்சாஸ் சிட்டியில் அத்தகைய குழுவின் தலைவராக விளங்கியவர் டாம் பெண்டர்காஸ்ட். நகரின் கட்டுமானப் பணிகளில் கோலோச்சிய காங்கிரீட் நிறுவனமும் அவருக்குச் சொந்தமானதே.

வயலிலிருந்து மன்றத்துக்கு

ட்ரூமன் 1884 மே 8 அன்று மிசோரியின் லமார் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1901இல் பள்ளிப்படிப்பை முடித்தார். தந்தை தானியச் சந்தையின் ஊக வணிகத்தில் பணத்தை இழந்ததால் கல்லூரிக் கல்வி கைகூடவில்லை. கன்சாஸ் சிட்டியின் வங்கிகளில் எழுத்தராக இருந்து கணக்கு எழுதப் பழகினார். 1906 முதல் கிராண்ட்வியூவில் இருந்த குடும்பப் பண்ணையில் உழவு செய்தார். தந்தை அப்பகுதியின் சாலை மேற்பார்வையாளராகவும் இருந்தவர். 1914இல் அவர் இறந்தபின் அப்பணி சிறிது காலம் மகனிடம் இருந்தது. கவுண்டியின் சாலைப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதை ட்ரூமன் அடிநிலையிலிருந்தே அறிந்துகொண்டார்.

முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் பீரங்கிப் படைப்பிரிவின் தலைவராகப் பணிபுரிந்து திரும்பியவர், 1919இல் எடி ஜேக்கப்சன் என்னும் நண்பருடன் கூட்டுச் சேர்ந்து ஆண்களுக்கான உடைக்கடை ஒன்றைத் தொடங்கினார். வேளாண் விளைபொருள் விலை வீழ்ச்சியைத் தொடர்ந்து வந்த மந்தத்தில் 1922இல் கடை மூழ்கியது. சட்டம் அனுமதித்த நொடிப்பு நிலையை அறிவித்துக் கடனிலிருந்து விடுபட ட்ரூமன் விரும்பவில்லை. பல ஆண்டுகள் சிறுகச் சிறுக அடைத்தார். கவுண்டியின் கோடிக்கணக்கான டாலர்களைக் கையாண்ட காலத்திலும் அவர் ஒரு கடனாளியே என்பது கருதத்தக்கது.

போர்க்கால நட்பின் வழி பெண்டர்காஸ்ட் குடும்பத்தின் ஆதரவு கிடைத்தது. 1922 தேர்தலில் கிழக்குப் பகுதி உறுப்பினராக வென்று, 1923 சனவரியில் பதவியேற்றார். மேற்குப் பகுதி உறுப்பினரான ஹென்றி மெக்கெல்ராயுடன் சேர்ந்து செலவைக் குறைத்துக் கவுண்டியின் கடன் சுமையைக் கணிசமாக இறக்கினார். அதே வேளையில் இருவரும் தம் குழுவினருக்கே வேலைகளை வழங்கினர். கட்சியின் எதிரணி சினமுற்றது. அதன் விளைவாக 1924இல் ட்ரூமன் தோற்றார். அவரது வாழ்வில் அவர் தோற்ற தேர்தல் அது ஒன்றே. இடைப்பட்ட காலத்தில் மோட்டார் வாகன மன்றம் ஒன்றுக்கு உறுப்பினர் சேர்த்துத் தரகு பெற்றுக் குடும்பம் நடத்தினார். 1926இல் கவுண்டி முழுமைக்குமான தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930இல் மீண்டும் வென்றார்.

கடனும் வட்டியும்

தலைவராக ட்ரூமன் முதலில் கைவைத்தது வட்டிக் கணக்கில். கவுண்டிக்கு வரிப்பணம் ஆண்டின் இறுதியில்தான் வந்து சேரும். சம்பளமும் பராமரிப்புச் செலவும் மாதந்தோறும் எழும். இடைவெளியை நிரப்ப, வரவிருக்கும் வரியைக் காட்டிக் கன்சாஸ் சிட்டி வங்கிகளில் கடன் பெறுவது வழக்கம். அவ்வங்கிகள் 6 விழுக்காடு வட்டி பெற்றன. வேறு போக்கிடம் இல்லை என்னும் எண்ணத்தில் அந்த வட்டியை எவரும் வினவவில்லை.

ட்ரூமன் சிகாகோ, செயின்ட் லூயிஸ் நகரங்களின் வங்கிகளை அணுகினார். கவுண்டியின் வரி வருவாய் உறுதியானது என்பதை எடுத்துரைத்து 4 விழுக்காட்டுக்கும், பின்னர் 2.5 விழுக்காட்டுக்கும் கடன் பெற்றார். வரியை உயர்த்தாமலே செலவுக்குப் பணம் மிஞ்சியது. உள்ளூர் வங்கியாளர்களின் மனக்கசப்பு இதற்குக் கிடைத்த எதிர்விளைவு. பொருள் வரும் வழியை உண்டாக்குதல் என்பது புதுவரி விதிப்பதால் மட்டும் நிகழ்வதன்று. வீணாக ஒழுகும் வழியை அடைப்பதாலும் நிகழும் என்பதற்கு இது சான்று.

சாலைக் கடன் பத்திரம்

கவுண்டியின் சாலைகள் அப்போது கல் பரப்பி மேலே மெல்லிய பூச்சிட்டவை. மோட்டார் வண்டிகளின் பாரத்தை அவை தாங்கவில்லை. ஆண்டுதோறும் செய்த பராமரிப்பு, பணத்தை மண்ணில் கொட்டுவதற்கு ஒப்பாயிற்று. ட்ரூமன் எட்வர்ட் ஸ்டேட்டன், என். டி. வீச் என்னும் இரு பொறியாளர்களைக் கொண்டு கவுண்டி முழுவதையும் அளந்தறிந்தார். ஒருவர் ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தவர். மற்றவர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியினர். திட்டத்தின் மீது கட்சிச் சாயம் படியாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

65 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும் என்பது திட்டம். மிசோரிச் சட்டப்படி அதற்கு மூன்றில் இரு பங்கு வாக்காளரின் ஒப்புதல் தேவை. முந்தைய பத்திரங்களின் பணம் எங்கே போனது என்று அறிந்திருந்த மக்கள் இசைய மாட்டார்கள் என்று பெண்டர்காஸ்டே கருதினார். ட்ரூமன் ஊர் ஊராகச் சென்றார். எந்தச் சாலை எங்கே வரும் என்பதைக் கூறி, ஒப்பந்தம் குறைந்த தொகை கேட்பவருக்கே தரப்படும் என்று உறுதியளித்தார். 1928 மே 8 அன்று, அவரது 44ஆம் பிறந்தநாளில், மக்கள் ஒப்புதல் அளித்தனர். 1931இல் சாலைப் பணியை நிறைவு செய்யவும் புதிய கட்டடங்களுக்கும் இரண்டாம் முறை ஒப்புதல் கிடைத்தது.

ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்பட்டபோது சிக்கல் எழுந்தது. குழுவுக்கு வேண்டிய ஒப்பந்தக்காரர்கள் பெண்டர்காஸ்டிடம் முறையிட்டனர். அவர் ட்ரூமனை அழைத்துப் பேசினார். குறைந்த தொகையுடன் தகுதியும் உடையவருக்கே பணி என்னும் நிலையிலிருந்து ட்ரூமன் இறங்கவில்லை. இறுதியில் பெண்டர்காஸ்ட் அதனை ஏற்றுக்கொண்டார். இது ட்ரூமனே பிற்காலத்தில் கூறிய செய்தி. தொடக்கத்திலேயே 4 லட்சம் டாலர் மதிப்புள்ள பணி ஒன்று தெற்கு டகோட்டா மாநில நிறுவனத்துக்குச் சென்றது என்பது இச்செய்திக்கு வலுச் சேர்க்கிறது. பெண்டர்காஸ்ட் இசைந்ததற்கு அரசியல் கணக்கும் உண்டு. நேர்மையான சாலை கிராமப்புற வாக்குகளைத் தந்தது. குழுவின் பெருவருவாய் நகரத்திலிருந்தே வந்தது.

224 மைல் நீளத்துக்குக் காங்கிரீட் சாலைகள் திட்டமிடப்பட்டு அமைந்தன. பெரும்பாலான பண்ணைகள் நல்ல சாலையிலிருந்து இரண்டு, இரண்டரை மைல் தொலைவுக்குள் வந்தன. கிராண்ட்வியூவில் ஒரு சாலை ட்ரூமனின் தாயாருடைய நிலத்தில் 11 ஏக்கரை எடுத்துக்கொண்டது. பிறருக்குக் கொடுத்த இழப்பீட்டைத் தம் தாயாருக்குக் கொடுக்க அவர் இடமளிக்கவில்லை. மகன் மன்றத் தலைவராக இல்லாதிருந்தால் அம்முதியவருக்கு அப்பணம் கிடைத்திருக்கும்.

காத்தலின் விலை

இதுவரை கூறியவை ட்ரூமனின் ஒரு பக்கத்தைக் காட்டுவன. மறுபக்கத்தை அவர் தாமே எழுதி வைத்தார். 1930களின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டியின் பிக்விக் விடுதியில் தனித்திருந்து, அவ்விடுதியின் பெயர் பொறித்த தாள்களில் தம் நிலையை எழுதினார். அவை அச்சுக்காக எழுதப்பட்டவை அல்ல. மறைவுக்குப் பின்னரே பரவலாக அறியப்பட்டன.

பத்திரப் பணத்தில் பத்து லட்சம் டாலரோ அதற்கு மேலோ கொள்ளை போகாமல் காப்பதற்காக, குழுவுக்கு வேண்டிய ஒருவர் கவுண்டியின் பொது வருவாயிலிருந்து ஏறத்தாழ 10,000 டாலரைத் திருடுவதற்குத் தாம் இடம்கொடுத்ததாக அத்தாள்களில் ஒப்புக்கொள்கிறார். உடன் உறுப்பினரின் இசைவைப் பெற அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. மூன்று வாக்குகள் கொண்ட மன்றத்தில் தலைவருக்கும் ஒரு வாக்கே. தாம் செய்தது சரியா, அல்லது குற்றத்துக்கு உடந்தையா என்னும் வினாவை அவர் எழுப்புகிறார், விடையை எழுதவில்லை.

நீதிநூல்களின் நோக்கில் களவு களவே. தொகையின் சிறுமை அதனை அறமாக்காது. ஆட்சியியல் நோக்கில், பதவியைத் துறந்திருந்தால் 10,000 டாலரும் போயிருக்கும், பத்து லட்சமும் போயிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே இத்தாள்களின் பொருண்மை. ட்ரூமன் தமக்கென ஒரு டாலரும் எடுக்கவில்லை என்பது அவரைக் குற்றத்திலிருந்து முழுமையாக விடுவிப்பதில்லை. அவரைத் தூய்மையானவர் என்பாரும், கட்சிக்குழுவின் கைப்பாவை என்பாரும் இத்தாள்களை முழுமையாகக் கணக்கில் கொள்ளவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

கட்டடமும் கடைசிக் கணக்கும்

இரண்டாம் பத்திரப் பணத்தில் கன்சாஸ் சிட்டியில் புதிய நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. அதற்குரிய முன்மாதிரியைத் தேடித் தம் சொந்தச் செலவில் 24,000 மைல் பயணம் செய்தார் ட்ரூமன். லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் கண்ட கட்டடம் மனத்துக்குப் பிடித்தது. அதன் கலைஞர் எட்வர்ட் நீல்டையே ஆலோசகராக அமர்த்தினார். 1934 திசம்பரில் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்குள் அவர் அமெரிக்கச் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அதுவும் பெண்டர்காஸ்டின் ஆதரவினாலேயே.

1939இல் பெண்டர்காஸ்ட் வருமான வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றார். கன்சாஸ் சிட்டியின் நகர மேலாளராக உயர்ந்திருந்த மெக்கெல்ராய் பதவி விலகினார். அவர் எழுதிய கணக்கில் ஏறத்தாழ 2 கோடி டாலர் பற்றாக்குறை மறைந்திருந்தது வெளிப்பட்டது. 1923இல் ஒரே மேசையில் அமர்ந்த இருவர். ஆதரித்த தலைவரும் ஒருவரே. இருவருடைய கணக்கேடுகள் வேறுபட்டன. சூழல் மட்டுமே மனிதனை முடிவு செய்கிறது என்னும் வாதத்தை இவ்வொப்பீடு மறுக்கிறது.

கவுண்டி மன்றம் ட்ரூமனின் குடும்பத்தை மீண்டும் ஒருமுறை தொட்டது. 1938இல் கிராண்ட்வியூப் பண்ணையின் மீது கவுண்டியின் பள்ளி நிதியிலிருந்து 35,000 டாலர் கடன் பெறப்பட்டது. அத்தொகை நிலத்தின் தகுதிக்கு மிகுதி என்னும் குறைகூறல் எழுந்தது. கடனை அடைக்க இயலவில்லை. 1940இல், செனட் தேர்தல் நடைபெற்ற ஆண்டில், எதிரணியினர் வசமிருந்த கவுண்டி மன்றம் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. 87 வயதான தாயார் பண்ணையை விட்டு வெளியேறினார். ஒருகாலத்தில் மகன் தலைமை வகித்த மன்றத்தின் வாடிக்கையான அலுவல் ஒன்று தாயின் வீட்டு வாசலில் முடிந்தது.

1941இல் போர்த்தளவாடச் செலவுகளை ஆராயும் செனட் குழுவுக்கு ட்ரூமன் தலைவரானார். தொடக்கத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 15,000 டாலரே. ஒப்பந்தக்காரர் கணக்கைக் காகிதத்தில் மட்டும் பாராமல் களத்துக்கே சென்று பார்க்கும் அவரது முறை ஜாக்சன் கவுண்டிச் சாலைகளில் பழகியது. அக்குழுவால் பெற்ற நற்பெயரே 1944இல் அவரைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராக்கியது.

முடிவுரை

ட்ரூமன் 1972 திசம்பர் 26 அன்று மறைந்தார். அவரது கவுண்டி வாழ்வை நான்கு நிலைப் பகுப்பில் வைத்து நோக்கினால், வட்டியைக் குறைத்தும் வாக்காளரின் நம்பிக்கையைப் பெற்றும் பொருளுக்கு வழி உண்டாக்கினார்; அதனைச் சாலையாகவும் கட்டடமாகவும் பகுத்தளித்தார். காத்தலில்தான் அவர் வென்றும் தோற்றும் நிற்கிறார். பெருந்தொகையைக் காத்தார், சிறுதொகையை இழந்தார், அவ்விழப்பைத் தம் கைப்படப் பதிவு செய்தார். தணிக்கைக்கு வராத அந்த 10,000 டாலரை எழுதி வைத்த தாளும் ஜாக்சன் கவுண்டியின் நிதி வரலாற்றில் ஒரு செலவுக் குறிப்பாகவே கொள்ளத்தக்கது. உள்ளாட்சி நிதியை ஆராய்வோர் ஏட்டில் உள்ள தொகைகளோடு, அவற்றைக் காக்க நிர்வாகிகள் விட்டுக்கொடுத்தவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.