கொல்லன் மகன் மைக்கேல் பாரடே

இரும்பைத் துரு தின்னும் என்பது சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால், சிதைந்த பல்லின்மேல் மருத்துவர் பூட்டும் உலோக உறையும் அவ்வாறே அரிக்கப்படுதல் கூடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. உமிழ்நீர் உப்புக்கள் கரைந்த நீராகும். நாம் உண்ணும் புளியும் எலுமிச்சையும் அதனோடு சேர்கின்றன. இத்தகைய இடத்தில் ஓர் உலோகம் பல்லாண்டு கேடுறாது நிற்பது எவ்வாறு என்று ஆராயப் புகின், அவ்வாராய்ச்சி ஓர் ஏழைக் கொல்லன் மகனிடத்தில் நம்மைக் கொண்டு சேர்க்கின்றது. அவரே மைக்கேல் பாரடே என்னும் பெரியார்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் நகரை அடுத்த நியூவிங்டனிற் பிறந்தார். வறுமையால் அவர் பெற்ற பள்ளிக் கல்வி மிகச் சிறிது. பதினான்காம் வயதில் நூற்கட்டுவோர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்; கட்ட வந்த நூல்களையே படித்து அறிவு பெற்றார். 1812-இல் சர் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெழுதி, அழகுறக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் உதவியாளராக அமர்ந்தார்.

அக்காலத்தில் தென்னாட்டு உருக்கு, ஊட்ஸ் என்னும் பெயரால் மேனாட்டில் புகழ் பெற்றிருந்தது. நம் பாப்பிரெட்டிப்பட்டியை 1965 வரை தன்னகத்தே கொண்டிருந்த பழைய சேலம் ஜில்லாவும் இரும்புருக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்றதே. கஞ்சமலையிலும், அரூரை அடுத்த தீர்த்தமலையிலும் இரும்புத் தாது மிகுதி. பாரடே 1819-இல் ஊட்ஸைப் பகுத்தாராய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிகாவும் காரணம் என்று அவர் கொண்ட முடிபு பிழையானது. அதன் மேன்மைக்குக் கரியின் மிகுதியே முதற்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அப்பிழை வீணாகவில்லை. உருக்கோடு பிற பொருள்களைக் கலந்து பார்க்கும் முயற்சியில் அஃது அவரைச் செலுத்தியது.

சஸ்திர வைத்தியக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு கூடி, பிளாட்டினம், ரோடியம், வெள்ளி, நிக்கல், குரோமியம் முதலியவற்றை உருக்கோடு கலந்தார். நன்கு வெட்டுவதும் மாசேறாததுமான உலோகத்தைக் காண்பதே அவர்தம் நோக்கம். 1822-இல் முடிபுகளை வெளியிட்டனர். குரோமியத்தை நூற்றுக்கு ஒரு பங்கும் மூன்று பங்குமே அவர்கள் சேர்த்தனர். துருவைத் தடுக்க ஏறக்குறையப் பன்னிரண்டு பங்கு வேண்டும் என்பதை உலகம் நன்கு உணர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். ஸ்டோடார்ட் 1823-இல் இறந்தார். முயற்சியும் விரைவில் நின்றது. பாரடே விட்டுச்சென்ற 79 உருக்குத் துண்டுகளைச் சர் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் சோதித்து, 1931-இல் நூலொன்று வெளியிட்டார்.

கைவிட்ட வேலை வேறு வழியால் அவரிடம் திரும்பி வந்தது. 1831-இல் மின்தூண்டலைக் கண்ட அவர், அடுத்த சில ஆண்டுகளில், கரைசலின் வழியே செல்லும் மின்சாரத்தின் அளவிற்கேற்பவே உலோகம் கரையும் அல்லது படியும் என்னும் விதியை நிறுவினார். தங்க உறையும் பாதரசக் கலவை அடைத்த பல்லும் ஒன்றையொன்று தொடும்போது வாயே ஒரு சிறு மின்கலம் ஆகின்றது. செயற்கை உமிழ்நீரில் உறை உலோகத்தை இட்டு, மின்னோட்டத்தை அளந்து, தேய்மானத்தைக் கணிப்போர் இன்றும் அவ்விதியையே கையாளுகின்றனர்.

மேலும் 1836-இல், கடுமையான நைட்ரிக் திராவகத்தில் இரும்பு கரையாதிருக்கும் விந்தையை ஷோன்பைன் என்பார் அவருக்கு எழுதினார். இரும்பின் மேற்பரப்பில் பிராணவாயுவோடு கூடிய நுண்ணிய படலமோ அதனையொத்த நிலையோ தோன்றிக் காக்கின்றது என்று பாரடே கருதினார். கோபால்ட்-குரோமியக் கலப்பும் டைட்டேனியமும் இன்று வாயில் நிலைப்பது இத்தகைய படலத்தாலேயே. கீறல் பட்டாலும் அது தானே மீண்டும் உண்டாகின்றது. படலம் குலைந்தால் உலோகத் துகள்கள் உடலிற் கலக்கும். நிக்கல் சிலருக்கு ஈறு வீக்கமும் ஒவ்வாமையும் விளைவிக்கும். பெரிலியத்தின் தூசி, உறை வார்த்து மெருகிடும் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே, அரியாமை என்பது உறையின் உறுதியை மட்டுமன்று, அணிவோர், செய்வோர் இருவரின் நலத்தையும் பற்றியதாகும்.

இவ்வளவு செய்தும் பாரடே செல்வத்தை நாடினாரல்லர். சாண்டிமானியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையில் எளிய மக்களோடு அமர்ந்து வழிபட்டார். 1840-இல் அதன் மூப்பருமானார். சர் பட்டத்தையும், ராயல் சொஸைட்டியின் தலைமையையும் மறுத்தார். இறுதி ஆண்டுகளில் நினைவாற்றல் குன்ற, 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் அமைதியாக உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்காள்! நம் நாட்டு உருக்கைக் கையிலெடுத்த அப்பெரியார், அதைப்பற்றித் தவறிய முடிபு கொண்டார். குரோமியத்தைச் சேர்த்தும் வெற்றியின் வாயிலிலேயே நின்றார். எனினும் வினாவை விட்டாரல்லர். உலைக்கு எரிந்த ஊரிலேயே பிறந்த நாம், அவர் விட்ட வினாக்களில் ஒன்றையேனும் ஏந்திக்கொள்ளுதல் தகும்.