மதுவிலக்குக்கு வழிகண்ட மூதறிஞர் இராஜாஜி

திருக்குறளிற் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. குடி தீது என்பதை அறியாதவர் எவருமிலர். குடிப்பவர் அதனை மற்றையோரினும் நன்கறிவர். ஆயின், குடியை விட்ட பின் அது இருந்த இடத்தை எதனைக் கொண்டு நிரப்புவது என்று சொல்ல வல்லார் அரியர். அதனை ஆழ்ந்து எண்ணியதோடமையாது, செயலிலும் காட்டியவர் மூதறிஞர் இராஜாஜி எனத் தமிழுலகம் போற்றும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் ஆவர். சக்கரவர்த்தித் திருமகன், வியாசர் விருந்து என்னும் நூல்களின் ஆசிரியராக அன்னாரை எம் மாணாக்கர் அறிவர். மதுவிலக்கின் பொருட்டு அன்னார் உழைத்த வரலாற்றை இம்மலரிற் சுருக்கி உரைப்பாம்.

அதற்குமுன் எமது அனுபவமொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். எழுவான்கரைக் கிராமங்களிலே ஆசிரியப்பணி செய்துவரும் எம்மிடம், ஆண்டுகள் சிலவற்றுக்கு முன் கெட்டிக்கார மாணாக்கனொருவன் பயின்றான். மற்றைய நாள்களில் முன்வாங்கில் இருப்பவன் திங்கட்கிழமைகளில் மட்டும் வாரான். தந்தையார் ஞாயிறு முழுதும் குடித்துக் கிடப்பதால், மறுநாள் அவருக்குப் பதிலாகத் தோணியேறி வாவிக்குச் செல்பவன் அவனே என்பதைப் பின்னரே அறிந்தோம். சில மாதங்கள் கழிந்தன; அவன் திங்கட்கிழமைகளிலும் வரலானான். தந்தையார் குடியை விட்டுவிட்டார். ஒருநாள் அவரைக் கண்டு பாராட்டியபோது, உடல் நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டதாகவும், பொழுதுபட்ட பின் வரும் மூன்று மணி நேரத்தைப் பொறுப்பதே பெரும்பாடாயிருந்ததாகவும் அவர் கூறினார். அம்மூன்று மணி நேரத்தைப் பற்றி எண்ணுந்தோறும் இராஜாஜியின் வரலாறே எம் நினைவுக்கு வரும்.

அன்னார் 1878ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி, அந்நாளிற் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளி என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப்பாக இருந்தவர். ஓசூரிலும் பெங்களூரிலும் கற்று, சென்னையிலே சட்டக்கல்வி முடித்து, 1900ஆம் ஆண்டளவிற் சேலத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். பொருளும் புகழும் ஒருங்கே வந்தன. 1917ஆம் ஆண்டில் அந்நகராட்சியின் தலைவருமானார். இளமையிலேயே மனைவியை இழந்து, ஐந்து மக்களை வளர்க்கும் பொறுப்பையும் தாமே தாங்கினார். 1919ஆம் ஆண்டிற் காந்தியடிகளோடு தொடர்பு ஏற்பட்டது. அதன்பின் செழித்த தொழிலைத் துறந்து, ஒத்துழையாமை இயக்கத்திற் சேர்ந்து, வேலூர்ச் சிறையும் புகுந்தார்.

1925ஆம் ஆண்டிலே திருச்செங்கோட்டுக்கு அண்மையிலுள்ள புதுப்பாளையத்திற் காந்தி ஆச்சிரமத்தை நிறுவி, நகர வாழ்வை விட்டுக் குடிசை வாழ்வை மேற்கொண்டார். மழை பொய்க்கும் வறண்ட நாடு அது. நூல் நூற்றலும் நெய்தலும் அங்குள்ள ஏழைகளுக்குக் கூலி தந்தன. ஆயின், மனைவி நூற்றுச் சேர்க்கும் காசு கணவனுடைய கள்ளுக்குச் செல்லுமாயின் இராட்டை சுழன்றும் பயனில்லை என்பதை அன்னார் அங்கே கண்கூடாகக் கண்டார். வறுமை ஒழிப்பும் மதுவொழிப்பும் இருவேறு பணிகளல்ல என்னும் முடிவு அக்குடிசைகளின் நடுவே பிறந்ததேயன்றி, ஏட்டைப் பார்த்துப் பெற்றதன்று.

1927ஆம் ஆண்டின் இறுதியிலே காந்தியடிகள் எமது ஈழநாட்டுக்கு வந்தபோது இராஜாஜியும் உடன்வந்தார். கதருக்கு நிதி திரட்ட வந்த அப்பயணத்திலே, யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களிற் காந்தியடிகள் மதுவின் தீமையையும் எடுத்துரைத்தார். அதற்கு முன்னரே, 1912ஆம் ஆண்டுவரையில், புதிய தவறணைகளை எதிர்த்து இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் அந்நியராட்சியை அசைத்திருந்தது. ஆதலின், விதை விழுந்த மண் நம்முடையதுமாகும்.

1929ஆம் ஆண்டிலே மதுவிலக்கு ஒன்றையே பொருளாகக் கொண்டு விமோசனம் என்னுந் தமிழ்ச் சஞ்சிகையை ஆச்சிரமத்திலிருந்து இராஜாஜி வெளியிட்டார். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய கல்கி அப்பணியில் அன்னாருக்கு உதவியாளராயிருந்தார். எழுத்தறிவு குறைந்த மக்களுக்காக எழுந்த அவ்வேடு கதைகளாலும் படங்களாலும் நிரம்பியிருந்தது. பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்றெனினும், அறிவுரையைக் கதையாக்கிக் கொடுத்தால் ஏழையும் விரும்பிக் கேட்பான் என்பதை அது நிலைநாட்டியது. 1931ஆம் ஆண்டிலே மதுவிலக்குத் தொண்டர்களுக்கென ஆங்கிலத்திற் கைந்நூலொன்றையும் அன்னார் வெளியிட்டார்.

1937ஆம் ஆண்டு யூலை மாதத்திற் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இராஜாஜி பொறுப்பேற்றார். மூன்று மாதங்கள் நிறைவதற்குள், ஒக்டோபர் 1ஆம் திகதி, தமது சொந்த மாவட்டமாகிய சேலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். மாகாணம் முழுவதிலும் ஒரே நாளிற் செய்யாது, ஒரு மாவட்டத்தைச் சோதனைக் களமாகக் கொண்டமையே அன்னாரின் மதிநுட்பம். 1938ஆம் ஆண்டிற் சித்தூர், கடப்பை மாவட்டங்களும், 1939ஆம் ஆண்டில் வட ஆர்க்காடும் சேர்க்கப்பட்டன.

ஈண்டு மாணாக்கர் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கடைகளை மூடியதோடு அன்னார் பணி முடிந்ததென்று இருந்தாரல்லர். குடி நீங்கியவிடத்து மூன்று வெற்றிடங்கள் தோன்றும். முதலாவது, அரசாங்கத்தின் பெட்டியில் உண்டாவது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் உரிய வரி அந்நாளில் மாகாணத்தின் மிகப்பெரிய வருவாய்களுள் ஒன்று. அதனை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டிலே பொது விற்பனை வரியை அன்னார் கொண்டுவந்தார். இந்தியாவில் அத்தகைய வரிக்கு அதுவே முன்னோடி. வணிகர் வெகுண்டனர், அன்னார் பின்வாங்கவில்லை. ஏழையின் குடியிலிருந்து பெறும் பணத்தால் அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்துதல் அறமாகாது என்பது அன்னார் கொள்கை.

இரண்டாவது வெற்றிடம் தொழிலில் உண்டாவது. மரமேறிக் கள்ளிறக்கியவன் மறுநாள் என் செய்வான்? பதநீர் இறக்கி வெல்லங் காய்ச்சுதல் முதலிய தொழில்களில் அத்தகையோரைத் திருப்ப முயற்சி நடந்தது. மூன்றாவது, மாலைப் பொழுதில் உண்டாவது. எம் மாணாக்கனின் தந்தையார் கூறிய அம்மூன்று மணி நேரம் இதுவேயாம். விளையாட்டு, பசனை, நாடகம், தேநீர்க்கடை முதலியன கிராமங்களில் ஊக்குவிக்கப்பட்டன. தாகத்துக்குத் தேநீரும், தனிமைக்குக் கூட்டமும், சோர்வுக்கு விளையாட்டும் வேண்டுமென்பதை அரசாங்கமே உணர்ந்து செயற்பட்ட அருமை அது.

இதன் பயனை ஆராயப் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளரும் சேலத்துக்குச் சென்றனர். கள்ளுக்குச் சென்ற காசு உணவுக்கும் உடைக்கும் திரும்பியதை அவர்கள் கண்டனர். கூலியாள் பெறும் கூலி உயரவில்லை. ஆயினும் வீட்டுக்கு வரும் பணம் உயர்ந்தது. ஏழைக்கு இதனினும் விரைவாக வரும் ஊதிய உயர்வு வேறுண்டோ?

அன்னாரின் செயல்கள் யாவும் எமக்கு உடன்பாடானவையல்ல. அதே ஆட்சியில் இந்தி கட்டாய பாடமாக்கப்பட்டதைத் தமிழாசிரியராகிய யாம் எங்ஙனம் ஏற்போம்? பின்னாளில் இந்தித் திணிப்பை அன்னாரே எதிர்த்து நின்றார். குறைகண்டவிடத்துக் குறைகூறுதலும், நிறைகண்டவிடத்து வணங்குதலும் கற்றார்க்கு அழகாம்.

1939ஆம் ஆண்டில் அமைச்சரவை பதவி துறந்தது. போர்க்காலத்தில் வருவாயை நாடிய ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப் பின், 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியிலே அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அவ்வேளை இராஜாஜி இந்தியாவின் மகாதேசாதிபதியாக வீற்றிருந்தார். 1954ஆம் ஆண்டிற் பாரதரத்தினம் என்னும் பெரும் விருது முதன்முதல் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்ற மூவருள் அன்னாரும் ஒருவர்.

வரலாற்றின் உருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. 1971ஆம் ஆண்டிலே தமிழக அரசு நிதிநிலையைக் காரணங்காட்டி மதுவிலக்கைத் தளர்த்த முடிவுசெய்தது. இராஜாஜிக்கு அப்போது வயது தொண்ணூற்றிரண்டு. உடல் தளர்ந்திருந்த அம்முதியவர், கொட்டும் மழையிலே முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்துக்குத் தாமே சென்று, அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். தமக்கென ஒன்றும் கேட்டாரல்லர். வேண்டுகோள் பலிக்கவில்லை, அவ்வாண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி முதல் கடைகள் திறந்தன. மறு ஆண்டு, 1972ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் திகதி, அன்னார் இவ்வுலகை நீத்தார். 1974ஆம் ஆண்டிற் கடைகள் மீண்டும் மூடப்பட்டதும், பின்னர் மீண்டும் திறந்ததும், 2003ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே சில்லறை மதுக்கடைகளை நடத்துவதும் அன்னார் காணாதவை.

அவ்வாறாயின் அன்னாரின் உழைப்பு வீணாயிற்றோ? ஆகவில்லை என்பதே எம் துணிபு. சட்டம் கதவைப் பூட்டும்; ஆட்சி மாறின் திறவுகோலும் கைமாறும். சட்டம் மட்டும் உள்ளவிடத்துக் கள்ளச்சாராயம் தலைகாட்டுவதும் உண்மை. கசிப்பின் கொடுமையை வாவிக்கரையில் வாழும் எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எமது நாட்டின் திறைசேரியும் மதுவரியைப் பெருவருவாயாகக் கொண்டதேயாம். ஆயினும், வெற்றிடத்தை நிரப்பாத மதுவிலக்கு நில்லாது என்று சேலம் கற்பித்த பாடத்தை எந்த ஆட்சியாலும் அழித்தல் இயலாது. அப்பாடத்தைக் கைக்கொள்ள அரசாணை வேண்டுவதில்லை.

மேற்கூறிய தந்தையார் அம்மூன்று மணி நேரத்தை எவ்வாறு கழித்தார் என்பதை இன்னும் கூறினோமில்லை. முதற் சில நாள்கள் கோயில் வீதியில் நடந்தார். பின்னர், மகன் விளக்கடியிற் பாடம் படிக்க, தாம் அருகிருந்து வலை பொத்தலானார். மகனின் குரல் ஓயும்வரை வலையைக் கீழே வைப்பதில்லை என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட சட்டம். அம்மகன் இன்று உத்தியோகத்திலிருந்து குடும்பத்தைத் தாங்குகின்றான்.

பழைய மாணவரே, நும் ஊர்களில் வாசிகசாலையும் விளையாட்டிடமும் மாலையில் திறந்திருக்கின்றனவா எனப் பாருங்கள், மூடியிருப்பின் திறவுங்கள். குடியை விட்டவனை நேற்றைய பெயர்சொல்லி அழையாது, உங்களருகில் இருத்திக்கொள்ளுங்கள். மாணாக்கரே, முதற் குவளையை மறுப்பதே எல்லாவற்றினும் எளிது; அதற்குப் பின் வருவன யாவும் அரியன. யூபிலி காணும் இக்கல்லூரிக்கு நாம் அளிக்கத்தக்க காணிக்கை இதுவே என அமைகின்றோம்.